நாலாம் இடத்துச் செவ்வாய்

எனக்குப் பிறவியிலேயே ஒரு பகையாளி இருந்தான். முப்பது வயது வரை அவனை நான் கண்ணால் கண்டதில்லை. என் சாதகத்தில் நாலாம் இடத்தில் குந்திக்கொண்டு, எனக்கு வந்த கலியாணப் பேச்சுகள் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியவன் அவன்தான். செவ்வாய் என்று பெயர்.

செவ்வாய்க் குற்றம் உள்ள பெண்ணைக் குற்றமில்லாத ஆண் கட்டினால் அவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். செவ்வாய் உள்ளவனாகப் பார்த்துத்தான் கட்டவேண்டும். அப்படி ஒருவன் அகப்பட்டால் அவனுக்கு ஐம்பது வயதாக இருக்கும், இல்லாவிட்டால் காலையிலேயே கள்ளுக் குடிக்கிறவனாக இருப்பான். முதல் இரண்டு பேச்சும் குழம்பியபோது அழுதேன். மூன்றாவது குழம்பியபோது மாப்பிள்ளையின் மாமியிடம், "அந்தச் செவ்வாய நானா கூப்பிட்டு வைச்சன்? அதுவா வந்து குந்தியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஊரில் எனக்கு வாய்க்காரி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

என் உண்மையான பெயர் கண்ணகை. வைகாசிச் சடங்கில், அம்மனுக்குக் குளிர்த்தி பாடத் தொடங்குவதற்குச் சற்று முன்பு நான் பிறந்தேனாம். அம்மனின் கோபத்தைத் தணிக்கத்தான் குளிர்த்தி பாடுகிறார்கள். நான் அவசரப்பட்டு அதற்கு முன்பே பிறந்துவிட்டதால் எனக்கு மட்டும் கோபம் தணியவில்லை என்பது என் அம்மா சீதேவிப்பிள்ளையின் கணக்கு.

எங்கள் ஊர் செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நாங்கள். சுனாமி வந்த காலையில் அம்மாவும் நானும் வாவிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினோம். வீடு தப்பவில்லை. வீட்டோடு அம்மாவின் றங்குப்பெட்டியும் போய்விட்டது. காணி உறுதி, அப்பாவின் ஒரே படம், என் சாதகம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அந்தப் பெட்டிக்காக அம்மா ஒரு மாதம் அழுதார். பிறகு ஒருநாள் தகரக் கொட்டிலில் படுத்திருந்தவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"புள்ள, உன்ட குறிப்பும் பெட்டியோட போயிற்றுதானே?"

"போயிற்று."

"அப்ப அந்தச் செவ்வாயும் போயிற்று."

அடுத்த கிழமையே அம்மா தனியாக பஸ் ஏறிச் செங்கலடிக்குப் போனார். அங்கே கோணாமலைச் சாத்திரியார் என்றொருவர் இருந்தார். பின்னேரம் அம்மா திரும்பி வரும்போது கையில் மஞ்சள் பூசிய புதுச் சாதகம் இருந்தது. அதன்படி நான் குளிர்த்தி பாடி முடிந்த பிறகுதான் பிறந்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் பிந்திப் பிறந்ததில் செவ்வாய் நாலாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு நகர்ந்துவிட்டான். மூன்றாம் இடத்தில் இருந்தால் குற்றமில்லை.

"பொய்யம்மா இது," என்றேன்.

"கடல் கொண்டு போனத நான் என்னத்துக்குத் தேடிப் போய் எடுக்கணும்?" என்றார் அம்மா. வாய்க்காரிக்கும் சில நாட்கள் வாய் அடைக்கும்.

புரட்டாசியில் அதே சாத்திரியார் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெயர் விஜிதரன். செங்கலடி ஆள், வயது முப்பத்தாறு, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸில் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வேலை. அவருடைய சாதகத்திலும் குற்றமில்லை, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். தீபாவளி முடிந்து வரும் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. படம் ஒன்றும் தந்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை நான் கொஞ்சநஞ்ச நேரமா பார்த்தேன்? மாப்பிள்ளைக்குக் காது சற்றுப் பெரிது. நல்ல காது, சொல்வதைக் கேட்கிற காது மாதிரி இருந்தது. எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. பிடிக்காமல் இருந்திருந்தால் பேசாமல் கழுத்தை நீட்டியிருப்பேன். எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடல் எழும்பி ஊருக்குள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் நான் நம்பியிருக்க மாட்டேன், அது வந்துதானே போனது. அதற்குப் பிறகு எதையும் முழுதாக நம்பாமல் இருக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒன்றும் தெரியாமல் வந்து என்னைக் கட்டி, என்னால் அந்த மனிதருக்கு ஏதாவது நடந்துவிட்டால் நான் எப்படி உயிரோடு இருப்பேன் என்று பயந்தேன்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணம் நிறுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு பகல் வரிசையில் நின்ற திரேசம்மாக்கா, என் தராசைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கொட்டில்காரி. பருப்பு நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் இருக்கிற ஆள் அவர் இல்லை.

"கண்ணகை, செவ்வாய் பூமிக்குக் கிட்ட வருதாம். பேப்பரில போட்டிருக்கு. கடல் திரும்ப எழும்புமாம்."

"கடல் எழும்புமெண்டு பேப்பரிலயா போட்டிருக்கு?"

"அது பேப்பரில இல்ல. அது ஆக்கள் சொல்ற."

பொழுதுபடுவதற்குள் ஊர் முழுவதும் பாயைச் சுருட்டிவிட்டது. கடலோரக் கொட்டில்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு மூட்டை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வெறும் கதை என்று பள்ளிக்கூட அதிபர் எவ்வளவு சொல்லியும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவர் வந்தாறுமூலைக் கம்பஸுக்குத் தொலைபேசி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைகாட்டி கொண்டுவந்து எல்லாருக்கும் செவ்வாயைக் காட்டுவார்களாம், ஒரு மிஸ்ஸும் ஆய்வுகூட ஆள் ஒருவரும் வருவார்களாம். அதிபர் இதை ஊருக்கெல்லாம் சொன்னார். ஆய்வுகூட ஆள் என்ற சொல் என் காதில் மட்டும் தனியாக விழுந்தது. எத்தனை ஆய்வுகூட ஆட்கள் அங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவராக இருந்தால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அவர் விலகி ஓடுவதென்றால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஓடட்டும்.

ஞாயிறு பின்னேரம் தலை வாரி இழுத்து, இருந்த நல்ல சட்டையைப் போட்டேன். அம்மா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அந்தச் சனியனப் பாக்க உனக்கு என்னத்துக்குப் புதுச் சட்டை?"

"சனியன் இல்லம்மா, செவ்வாய்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. நீளப் பெட்டி ஒன்றை இறக்கினார்கள். அவ்வளவுதான், ஊர் பாய்ந்தது. ஒரு வாகனம் வந்து அதிலிருந்து பெட்டி இறங்கினால் அது நிவாரணம் என்பது பத்து மாதத்தில் எங்களுக்குப் பழகிப்போன விசயம். பாதிப் பேர் கையில் பையும் குடும்ப அட்டையுமாக நின்றார்கள். டினோஷா மிஸ் என்ற அந்தச் சின்னப் பெண் விரிவுரையாளரிடம் ஒருவர் அட்டையை நீட்டி, "ஆளுக்கு எத்தனை?" என்று கேட்டார். மிஸ் பயந்துபோய், "ஆளுக்கு ஒரு கண்" என்று சொன்னார்.

தொலைகாட்டியின் முக்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் சனத்துக்குள் நசுங்கிக்கொண்டிருந்தார். "விஜிதரன், கவனம், விழப்போகுது!" என்று மிஸ் கத்தினார். நான் திரும்பிக் காதைப் பார்த்தேன். அந்தக் காதேதான்.

எனக்குள் இருந்த சங்கக்கடைக்காரி எழும்பிவிட்டாள். "எல்லாரும் பின்னால போங்க! அட்டை இலக்கப்படி நில்லுங்க! தள்ளுறாக்களுக்குச் செவ்வாய் இல்ல!" என்று போட்ட சத்தத்தில் சனம் கோடு போட்ட மாதிரி வரிசையானது. விஜிதரன் முக்காலியை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கையில் சிவப்புத் தாள் சுற்றிய டோச் லைட் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மிஸ் முதலில் வாவிப் பக்கம் கையைக் காட்டினார். தண்ணீருக்கு மேலே வெள்ளி பளபளவென்று நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். பிறகு, "இப்ப இஞ்சால திரும்புங்க," என்று கடல் பக்கம் காட்டினார். ஒருவரும் திரும்பவில்லை. மார்கழியில் சுனாமி வந்த பிறகு, பொழுதுபட்டால் கடல் பக்கம் முகம் கொடுத்து நிற்க எங்களில் ஒருவருக்கும் மனம் வருவதில்லை, மிஸ்ஸுக்கு அது தெரிய நியாயமில்லை. முதலில் திரும்பியது திரேசம்மாக்காதான். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் திரும்பினோம். தென்னைகளுக்கு மேலே அது சிவப்பாக, சிமிட்டாமல் நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் திரேசம்மாக்கா. "கிட்ட வருதெண்டு சொன்னாங்க?"

"இதுதான் கிட்ட அக்கா. ஏழு கோடி கிலோமீற்றர்," என்றார் மிஸ். "அவ்வளவு தூரத்தில இருந்து அதால கடல ஒண்டும் செய்ய ஏலாது."

"ஏழு கோடியா? அப்ப நான் என்ன விசருக்குப் பாயைச் சுருட்டினன்?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பக்கத்தில் நின்றவர் சிரித்தார். பிறகு முழு மைதானமும் சிரித்தது. பத்து மாதத்தில் எங்கள் ஊர் ஒன்றாகச் சேர்ந்து சிரித்தது அன்றுதான். கடலைப் பார்த்துக்கொண்டே சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

வரிசை நகர்ந்தது. தொலைகாட்டிக்குள் செவ்வாய் ஒரு இடத்தில் நிற்காது, பூமி சுற்றுவதால் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் விஜிதரன் குழாயைத் தொட்டுத் தொட்டு நேராக்கிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று ஆட்களை அனுப்பினேன். பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். "மைசூர்ப் பருப்பளவு கிடக்கு" என்றார் ஒருவர். "நிவாரணப் பருப்பு இதிலும் பெரிசு" என்றார் இன்னொருவர். ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் விஜிதரன் என் பக்கம் திரும்பி வாயைத் திறப்பார், பிறகு மூடிக்கொள்வார். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். இப்படியே எட்டரை மணி ஆகிவிட்டது. மிஸ் அதிபரோடு தேத்தண்ணி குடிக்கப் போனார். வரிசையில் மிச்சம் நான் மட்டும்தான்.

குனிந்து கண்ணை வைத்தேன். பருப்புத்தான். சிவப்புக்கூட இல்லை, செம்மஞ்சள். மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. இதுவா ஐந்து மாப்பிள்ளைகளைத் துரத்தியது? எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று தெரியும், அதனால் கண்ணை எடுக்காமலே பேசினேன்.

"நான் கண்ணகை. வெள்ளிக்கிழமை நீங்க பாக்க வாற ஆள்."

"தெரியும். ஆக்கள வரிசையில நிக்க வைக்கக்குள்ளயே தெரிஞ்சிற்று. கொஞ்சம் வாய் எண்டு சாத்திரியார் சொன்னவர்."

"அத விடுங்க. என்ட குறிப்புப் பொய். சரியான குறிப்பு கடலோட போயிற்று. எனக்கு நாலில செவ்வாய் இருக்கு. என்னைக் கட்டினா உங்கட உயிருக்கு ஆகாதெண்டு சொல்லுவாங்க. வேணாமெண்டா வெள்ளிக்கிழமைக்கு முந்திச் சொல்லிருங்க. நான் கோவிக்க மாட்டன்."

கடைசியில் சொன்னது மட்டும் பொய். என் கை குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தொலைகாட்டிய அசைக்காதீங்க," என்றார்.

ஒரு பெண் தன் தலையெழுத்தையே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இந்த மனிதருக்குக் கம்பஸ் சாமான்தான் பெரிதாகிவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல வார்த்தை நாலு சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "எனக்கு ஏழில," என்றார்.

"என்ன ஏழில?"

"செவ்வாய்."

நான் நிமிர்ந்துவிட்டேன். அவர் டோச் லைட்டை நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, குற்றம் செய்த பிள்ளை மாதிரி நின்றார். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் செங்கலடியை விட்டு ஓடியபோது அவர் வீடு எரிந்துபோனதாம். சாதகமும் எரிந்ததாம். அவருக்கும் நாலு சம்பந்தம் குழம்பியதாம். பிறகு அவருடைய அக்கா புதுச் சாதகம் எழுதுவித்தபோது பிறந்த நேரத்தைப் பிந்தி எழுதச் சொன்னாராம்.

"மூண்டு கிழமையா எனக்கு நித்திரை இல்ல," என்றார். "என்னால உங்களுக்கு ஏதும் நடந்திருமோ எண்டு பயம். இண்டைக்கு இஞ்ச வர இருந்தது வேற ஆள். ஊர்ப் பேரைக் கேட்டுப்போட்டு நான் மாறி வந்தன், உங்களுக்கிட்டச் சொல்லத்தான். இந்த ஆள் பாத்து முடியச் சொல்லுவம், அடுத்த ஆள் பாத்து முடியச் சொல்லுவம் எண்டு நிண்டன். நீங்க முந்தீற்றீங்க."

"யார் எழுதினது உங்கட குறிப்ப?"

"கோணாமலைச் சாத்திரியார்."

"எங்களுக்கும் அவர்தான்!"

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் மிஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிவந்தார். "என்ன விசயம், ஏதும் உடைஞ்சிற்றா?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல மிஸ். பருப்பு ஓடிற்று," என்றார் விஜிதரன்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்த இடத்தில் இரண்டு பேரும் உள்ளதை எடுத்து வைத்தோம். அம்மாவும் விஜிதரனின் அக்காவும் ஒருவரையொருவர் பொய்க்காரி என்று சொல்ல வாயெடுத்து, இருவருக்கும் அது பொருந்தும் என்று விளங்கி, வாயை மூடிக்கொண்டார்கள். யாரையாவது ஏசவேண்டுமே. "அந்தச் சாத்திரியார் ரெண்டு வீட்டாரையும் பேய்க்காட்டிப்போட்டார்!" என்று கிளம்பி, அன்றைக்கே எல்லாரும் செங்கலடிக்குப் போனோம்.

கோணாமலைச் சாத்திரியார் பதறவேயில்லை. கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். ஒரே பக்கத்தில் என் உண்மையான பிறந்த நேரமும் விஜிதரனின் உண்மையான பிறந்த நேரமும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அடியில் எட்டு என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.

"ரெண்டு வீட்டாரும் எனக்கிட்டச் சரியான நேரத்தச் சொல்லிப்போட்டுத்தான் பிழையான நேரத்துக்கு எழுதித் தரச் சொன்னீங்க. எழுதித் தந்தன். பொருத்தத்த மட்டும் சரியான நேரத்துக்குத்தான் பாத்தன். செவ்வாய்க்குச் செவ்வாய் அம்பிட்டிருக்கு, விடுவனா?"

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்றேன் நான்.

"சொல்லியிருந்தா நீங்க அவங்களப் பொய்க்காரர் எண்டிருப்பீங்க, அவங்க உங்களப் பொய்க்காரர் எண்டிருப்பாங்க. கலியாணம் முடிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன்," என்று கொப்பியை மூடினார். அம்மா அவரிடமே நாள் வைக்கச் சொல்லிக் கேட்டார், இந்த முறை சரியான நேரத்துக்கு.

தை மாதம் கலியாணம் நடந்தது. எங்கள் பக்க வழக்கப்படி விஜிதரன்தான் என் வீட்டுக்குக் குடிவந்தார். வீடென்றால் தகரக் கொட்டில். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்தாறுமூலைக்குப் போய்வந்தார். முதல் நாள் வேலைக்குப் போய் வந்தவரை வாசல் படலையில் மறித்து, "உயிரோட இருக்கிறீங்களா?" என்று கேட்டேன். "இருக்கிறன்," என்றார். அது எங்கள் பகிடி.

அந்த ஆண்டிலேயே திரும்பவும் சண்டை தொடங்கியது. வழி முழுவதும் சோதனைச்சாவடிகள். பஸ் பிந்தினால் நான் றோட்டில் போய் நிற்பேன். அந்த நாட்களில் அந்தக் கேள்வி பகிடியாக இருக்கவில்லை. ஆனாலும் தினமும் கேட்டேன், அவரும் தினமும் பதில் சொன்னார். எங்கள் ஊரிலேயே அந்தப் பதில் வராத வீடுகள் இருந்தன. அவர் வந்துகொண்டிருந்தார். மகள் கஜானி பிறந்தாள். நான் வலியோடு கிடந்தபடியே மணிக்கூட்டைப் பார்த்து, நேரத்தை நிமிடக் கணக்காக அவரை எழுதி வைக்கச் சொன்னேன். அதை மாற்ற அம்மாவுக்கு வழி விடவில்லை.

யுத்தம் முடிந்து அடுத்த தையில் செவ்வாய் மறுபடியும் கிட்ட வந்தது. தைப்பூசத்துக்கு முதல்நாள், நிலவும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் கடலுக்கு மேலே எழும்பின. டினோஷா மிஸ் தொலைகாட்டியோடு வந்தார். இந்த முறை ஒருவரும் பை கொண்டுவரவில்லை, பாயும் சுருட்டவில்லை. ஆனாலும் வரிசைக்கு நான்தான் சத்தம் போட்டேன். திரேசம்மாக்கா இரண்டு தரம் பார்த்துவிட்டு, இந்த முறை பருப்புக் கொஞ்சம் சின்னது என்று குறை சொன்னார்.

எல்லாரும் பார்த்து முடிந்த பிறகு நான் குனிந்தேன். அவர் ஒரு தோளில் மகளைப் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் குழாயை நேராக்கிக் கொடுத்தார். என் பழைய பகையாளி அங்கே செம்மஞ்சளாக நடுங்கிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கண்ணை எடுக்காமலே கேட்டேன்.

"உயிரோட இருக்கிறீங்களா?"

"இருக்கிறன்," என்றார் அவர். "தொலைகாட்டிய அசைக்காதீங்க."